பஜ்ஜி போடுகிறவளும் பார்ட்டியில் உட்காரட்டும்

(கரமனையில் நம் மகளிர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



குடமிளகாயில் பூரணம் வைத்து, அவனில் சுட்டு, பார்ட்டிக்கு எப்படிப் பரிமாறுவது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். பதினைந்து நிமிஷம் தந்திருக்கிறார்கள். குடமிளகாய் அவனில் இருக்க வேண்டிய நேரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதற்குள் முடித்துவிடப் பார்க்கிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் சமையல் வகுப்பு எடுப்பவள் இல்லை. இந்தக் கரமனை அக்ரஹாரத்தில் வாழ்க்கைப்பட்டு வந்து, நாற்பது வருஷமாக விசேஷம் வந்தால் எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றவள். அந்த அனுபவத்தில்தான் பேசுகிறேன்.

பிள்ளைக்கு உத்தியோகம் கிடைத்த சமயம். வீட்டிலேயே சாயங்காலம் சின்னதாக ஒரு பார்ட்டி வைத்தோம். முப்பது பேர். வாழைக்காய் பஜ்ஜி, மிளகாய் பஜ்ஜி, கேசரி, காபி. பஜ்ஜி சூடாக இருந்தால்தானே ருசி? ஆகவே ஆறு மணியிலிருந்து எட்டரை வரை நான் அடுக்களையை விட்டு நகரவில்லை. கூடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்கும். "மாமி, இன்னும் ஒரு தட்டு!" என்று குரல் வரும். யார் வந்தார்கள், யார் போனார்கள் என்பதே எனக்குத் தெரியாது. விடைபெறுகிறவர்கள் அடுக்களை வாசலில் வந்து தலையை நீட்டி, "பிரமாதம் மாமி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

எல்லாம் முடிந்து உள்ளே போனால், என் மாமியார் தன் அறையில் கட்டிலில் உட்கார்ந்து, கிண்ணத்தில் அவலை நனைத்துத் தயிர் விட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்போது அவருக்கு வயது எண்பத்து மூன்று. பல் இல்லை. எண்ணெய்ப் பலகாரம் ஒத்துக்கொள்ளாது. மிளகாய் ஆகவே ஆகாது. வெங்காயமும் பூண்டும் ஆயுசில் தொட்டதில்லை. என்னைப் பார்த்ததும், "பார்ட்டி நன்னா இருந்துதாடீ?" என்று கேட்டார். "தெரியலையேம்மா, நான் அடுக்களையிலேன்னா இருந்தேன்" என்றேன். "நோக்கு ஏதாவது மிச்சம் வச்சிருக்காளா?" என்றார். போய்ப் பார்த்தால் ஒன்றும் மிச்சமில்லை. அவர் கிண்ணத்திலிருந்தே பாதி அவலை எனக்குத் தள்ளினார். இரண்டு பேரும் அதைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தோம்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நம் வீட்டுப் பார்ட்டிகளில் எப்போதுமே இரண்டு பேர் சாப்பிடுவதில்லை. ஒருத்தி, அடுப்படியில் நின்று வறுத்துப் போடுகிறவள். இன்னொருவர், வீட்டிலேயே வயதில் மூத்தவர். இந்த இரண்டு பேருக்காகத்தான் நான் குடமிளகாய்க்கு மாறினேன். ஃபேஷனுக்காக இல்லை.

அவனில் வைப்பதில் என்ன சௌகரியம் என்றால், தட்டை உள்ளே தள்ளிக் கதவை மூடிவிட்டு நாம் கூடத்துக்கு வந்துவிடலாம். மணியடித்தால் போய் எடுத்தால் போதும். எண்ணெய்ச் சட்டியை அப்படி விட்டுவிட்டு வர முடியுமா?

ஆனால் மாமியாரைச் சம்மதிக்க வைப்பது சுலபமாக இல்லை. "அவன்ல வச்சுப் பண்ணப்போறேன்" என்றதும், "எவன்லே?" என்றார். வீடே சிரித்தது. அதற்கப்புறம் மூன்று ஆட்சேபணைகள் சொன்னார். மூன்றுமே நியாயமானவைதான்.

முதல் ஆட்சேபணை, "இது சீமைக் காயாச்சே" என்பது. வாஸ்தவம்தான். ஆனால் தினமும் சாம்பாரில் போடுகிற வற்றல் மிளகாயும் கப்பலில் வந்ததுதானே! 1492-இல் கொலம்பஸ் மேற்கே கப்பல் விட்டபோது, இந்தியாவுக்கு வழி கண்டுபிடித்து நம் மலையாளக் கரையில் விளைகிற மிளகு போன்ற சரக்குகளைக் கொண்டுபோக வேண்டும் என்பது எண்ணம். போய்ச் சேர்ந்தது அமெரிக்கக் கண்டத்துத் தீவுகளில். அங்கே மிளகு இல்லை, மிளகாய் இருந்தது. காரமாக இருந்ததால் அதற்கும் மிளகின் பெயரையே வைத்துவிட்டார்கள். அதனால்தான் இங்கிலீஷில் இன்றைக்கும் மிளகும் பெப்பர், குடமிளகாயும் பெப்பர். 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரைக்கு வந்து சேர்ந்தார். அதன் பிறகு போர்த்துகீசியர் கொண்டுவந்துதான் மிளகாய் இந்த நாட்டில் பரவியது. அதுவரை நம் அடுக்களையில் காரம் என்றால் மிளகும் இஞ்சியும் திப்பிலியும்தான்.

திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு இதில் ஒரு பெருமை உண்டு. நாம் மிளகை வெறும் மிளகு என்று சொல்வதில்லை, நல்லமிளகு என்றுதான் சொல்கிறோம். சிராத்தத்தன்று மிளகாயை விலக்கி மிளகை மட்டும் சேர்ப்பதும் அந்தப் பழைய வழக்கம்தான். இதையெல்லாம் சொன்னதும், "அப்போ உள்ளே நல்லமிளகுதான் போடணும்" என்றார் மாமியார். அப்படித்தான் இந்தப் பூரணத்தில் மிளகாயே இல்லாமல் போனது.

இரண்டாவது ஆட்சேபணை, "வாய் எரியும்" என்பது. குடமிளகாய் மிளகாயின் ஜாதிதான் என்றாலும் அதில் காரம் கிடையாது. மிளகாய்க்குக் காரம் தருகிற கேப்சைசின் என்ற பொருள் இதில் உண்டாவதில்லை. இன்னொரு விஷயம். மிளகாயில் காரம் விதையில் இருக்கிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைத் தண்டில்தான் காரம் ஊறுகிறது. விதைக்கு அது ஒட்டிக்கொண்ட காரம். குடமிளகாயின் வெள்ளைப் பகுதி லேசாகக் கசக்கும் என்பதால்தான் அதைச் சுரண்டி எடுக்கிறோம். வைட்டமின் சி ஆரஞ்சுப் பழத்தைவிட இதில் அதிகம். சூட்டில் கொஞ்சம் போய்விடும், பாக்கி இருக்கும்.

மூன்றாவதுதான் பெரிய ஆட்சேபணை. "அதுலே முட்டை போட்டு கேக் பண்ணினதாச்சே?" என்றார். பிள்ளை அந்த அவனில் கேக் செய்திருந்தது நிஜம். "தேச்சு அலம்பிட்டேம்மா" என்றேன். மாமியார் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருந்தால் வேண்டாம் என்று அர்த்தம். பிள்ளைக்குக் கொஞ்சம் கோபம். "பாட்டிக்காக வேற அவன் வாங்கணுமா?" என்றான். இரண்டு நாள் கழித்து அவனே ஒரு சின்ன ஓ.டி.ஜி. வாங்கிக்கொண்டு வந்து அடுக்களையில் வைத்தான். கேக் அவன் மாடிக்குப் போயிற்று. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஒருவர் எண்பது வருஷம் காப்பாற்றிய நியமத்தை நாம் வாதாடி ஜெயித்து ஒரு பிரயோஜனமும் இல்லை. தனி அவன் வாங்க வசதியில்லாதவர்கள், கனமான இரும்பு தோசைக்கல்லை மூடி போட்டுச் சின்னத் தீயில் வைத்தும் இதைச் செய்யலாம். அதையும் பின்னால் சொல்கிறேன்.

இனி செய்முறைக்கு வருவோம். இது புதுசு என்று பயப்பட வேண்டாம். இலை அடைக்கும் கொழுக்கட்டைக்கும் பூரணம் வைக்கிறோம். கத்தரிக்காயைக் கீறிப் பொடி அடைக்கிறோம். மோர் மிளகாய்க்கு மிளகாயைக் கீறுகிறோம். கை பழகின வேலைதான்.

முப்பது பேருக்கு, ஆளுக்கு இரண்டு வீதம் வேண்டியவை:

நடுத்தரக் குடமிளகாய் – 16 (ஏறக்குறைய 1¾ கிலோ)
ஏத்தங்காய் – 4
பனீர் – 400 கிராம் (வீட்டில் செய்தால் சுமார் 2½ லிட்டர் பால், 2 எலுமிச்சம்பழம்)
தேங்காய்த் துருவல் – ஒரு மூடி
இஞ்சி – இரண்டு அங்குலத் துண்டு
நல்லமிளகு, கொரகொரப்பாகப் பொடித்தது – 2 டீஸ்பூன்
பெருங்காயம், கறிவேப்பிலை, கொத்தமல்லி, உப்பு – தேவைக்கு
மேலே தூவ: கெட்டி அவல் – 1 கப், நெய் – 2 டேபிள்ஸ்பூன்
தடவ: தேங்காய் எண்ணெய் – கொஞ்சம்

சாலைக் கடைத்தெருவில் வாங்கும்போது காய் கனமாக, தோல் பளபளவென்று, காம்பு பச்சையாக இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் ஒரே அளவாக இருந்தால்தான் ஒன்றாக வேகும். அடியில் நான்கு புடைப்பு இருக்கிற காயாகப் பொறுக்கினால் நான்காகப் பிளப்பது சுலபம். மூன்று புடைப்பு ஆண், நான்கு புடைப்பு பெண் என்று செல்போனில் ஒரு தகவல் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது வெறும் கதை. காயில் ஆண் பெண் கிடையாது. பச்சையாக இருப்பது பழுக்காத காய், சிவப்பும் மஞ்சளும் பழுத்தவை. பழுக்கிற வரை செடியில் விட்டுவைக்க வேண்டும் என்பதால்தான் விலை கூடுதல். தித்திப்பும் கூடுதல். பத்துப் பச்சைக்கு மூன்று சிவப்பு, மூன்று மஞ்சள் சேர்த்தால் தட்டு பார்க்க அழகாக இருக்கும்.

காயை மேலிருந்து கீழாக, புடைப்புக்கு ஒன்றாக நான்கு துண்டு போடுங்கள். ஒவ்வொரு துண்டும் ஒரு சின்ன ஓடம் மாதிரி நிற்கும். வெள்ளைத் தண்டையும் விதையையும் எடுத்துவிடுங்கள்.

அடுத்த படியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். நான் முதல் தடவை தாண்டிப் போய்த்தான் மாட்டிக்கொண்டேன். பச்சைக் காயிலேயே பூரணத்தை வைத்து அவனில் தள்ளினேன். குடமிளகாயில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். அத்தனையும் இறங்கித் தட்டெல்லாம் குளமாகி, மேலே தூவின அவல் கஞ்சியாகிவிட்டது. பிள்ளை எட்டிப் பார்த்து, "என்னம்மா, மொளகூட்டலா?" என்று கேட்டான்.

ஆகவே, ஓடங்களின் இருபுறமும் தேங்காய் எண்ணெய் தடவி, கவிழ்த்து அடுக்கி, 200 டிகிரியில் வெறுமனே 8 நிமிஷம் வையுங்கள். அவனை அதற்கு 10 நிமிஷம் முன்பே சூடாக்கிவிட வேண்டும். எடுத்தபின் ஆறவிட்டு, வந்த தண்ணீரை வடித்து, துணியால் ஒற்றிவிடுங்கள். பல் இல்லாதவர்களுக்கென்று வைக்கிற துண்டுகளை மட்டும் இன்னும் 5 நிமிஷம் விட்டு, மேல் தோலை உரித்துவிட்டால் வாயில் தானாகக் கரையும். சிவப்புக் காய்தான் இதற்கு உத்தமம்.

ஏத்தங்காயைத் தோலோடு வேகவைத்து, ஆறியதும் உரித்துத் துருவுங்கள். குழைய வெந்துவிடக் கூடாது. பனீரைத் தண்ணீர் இல்லாமல் பிழிந்து உதிர்த்துக்கொள்ளுங்கள். ஒரு ஸ்பூன் எண்ணெயில் பெருங்காயம், கறிவேப்பிலை, துருவிய இஞ்சி தாளித்து, தேங்காய்த் துருவலை ஈரம் போகிற மட்டும் புரட்டி, அடுப்பை அணைத்துவிட்டு மற்றதைச் சேருங்கள். மிளகை அப்போதுதான் பொடிக்க வேண்டும். நாள்பட்ட பொடியில் வாசனை இருக்காது. உப்பை ஓடங்களில் நிரப்புவதற்குச் சற்று முன்னால் போடுங்கள். முன்கூட்டியே போட்டால் பூரணம் நீர்த்துவிடும்.

சீஸ் போட வேண்டாமா என்று இளைய தலைமுறை கேட்கிறது. போடலாம். ஆனால் சிலவகைச் சீஸ் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கிற ரென்னெட் என்ற பொருளைக் கொண்டு உறைய வைக்கப்படுகிறது. இங்கே பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கிற அங்கத்தினர்கள் சைவம் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு அவலே போதும். அவலை மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று சுற்றி, நெய்யில் பிசிறி மேலே தூவினால், அவனில் பொன் நிறமாக மொறுமொறுவென்று வரும். அன்றைக்கு ராத்திரி நானும் மாமியாரும் பங்கிட்டுக்கொண்ட அவல் ஞாபகமும் இதில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓடம் ஒன்றுக்கு ஒரு பெரிய ஸ்பூன் பூரணம். அமுக்கித் திணிக்காமல் நிரவி வைத்து, அவல் தூவி, 180 டிகிரியில் 15 நிமிஷம். கடைசி 2 நிமிஷம் மேல் கம்பியை மட்டும் எரியவிட்டால் நிறம் வந்துவிடும்.

தோசைக்கல்லில் செய்கிறவர்கள், வெறும் ஓடங்களை மூடாமல் இருபுறமும் வதக்கித் தண்ணீரை வற்றவிட்டு, பூரணம் வைத்து மூடிச் சின்னத் தீயில் 10 நிமிஷம் வைத்தால் போதும். அவலைத் தனியாக நெய்யில் வறுத்துக் கடைசியில் தூவுங்கள்.

நேரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். முப்பது லிட்டர் ஓ.டி.ஜி. தட்டில் ஒரு தடவைக்கு ஏறக்குறைய இருபது ஓடம்தான் பிடிக்கும். அறுபத்துநாலு ஓடத்துக்கு நாலு ஈடு ஆகும். காலையில் ஏத்தங்காய், பனீர், தேங்காய் வேலைகளை முடித்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் தேங்காயும் பனீரும் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. மத்தியானம் ஓடங்களை வெறுமனே சுட்டு வையுங்கள். ஐந்து மணிக்கு நிரப்பி ஈடு போட ஆரம்பித்தால் ஆறேகாலுக்குள் முடியும். விருந்தாளிகள் உட்கார்ந்ததும் ஈட்டுக்கு 4 நிமிஷம் சூடு காட்டினால் போதும். சற்று ஆறினாலும் பஜ்ஜி மாதிரி நமுத்துப் போகாது. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு சுவர் ஒன்று. ஆகவே இப்போதெல்லாம் பக்கத்து வீட்டு அவனையும் கேட்டுக்கொள்கிறேன். தட்டுகள் திண்ணை வழியாகவே போய் வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. பழைய வீடுகளில் சாதாரண பிளக்கில் ஓ.டி.ஜி.யை மாட்டாதீர்கள். 15 ஆம்பியர் பிளக் வேண்டும். ஒரே எக்ஸ்டென்ஷன் வயரில் அவனையும் மிக்ஸியையும் மாட்டி, வயர் உருகி நாற்றம் வந்த அனுபவம் எனக்கு உண்டு.

சரி, பார்ட்டி எப்படி நடந்தது என்று கேட்பீர்கள். மறு வருஷம் நாத்தனார் குடும்பம் மும்பையிலிருந்து வந்திருந்தபோது, அதே கூடத்தில், அதே முப்பது பேர். தட்டுகளை எடுத்து வைக்கிற வேலையைப் பிள்ளை எடுத்துக்கொண்டான். நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து எங்கள் வீட்டு விசேஷம் ஒன்றில் நான் உட்கார்ந்து சாப்பிட்டது அதுதான் முதல் தடவை.

மாமியாரை ஊஞ்சலில் கொண்டுவந்து உட்கார்த்தினோம். எல்லோருக்கும் நீட்டிய அதே தட்டை அவருக்கும் நீட்டினேன். தனிக் கிண்ணம் வைக்கவில்லை. தோல் உரித்த சிவப்புத் துண்டாகப் பார்த்து ஒன்று எடுத்தார். கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்தார். "நல்லமிளகு கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார். சொல்லிவிட்டு இன்னொன்று எடுத்து, பாதியைப் பேத்தி கையில் கொடுத்தார். ஆக ஒன்றரை. நாத்தனார் சொன்ன ஏதோ பழைய கதைக்கு ஊஞ்சலில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். இதற்கு முன் எத்தனை பார்ட்டிகளில் அவர் அந்தச் சிரிப்பைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார் என்று நினைத்தேன்.

அவர் போய் இப்போது சில வருஷங்கள் ஆகிவிட்டன. அவருடைய திதியன்று குடமிளகாய் எங்கள் வீட்டு வாசற்படி ஏறாது. அது அவருடைய நியமம். அதை மாற்ற எங்களுக்கு மனசில்லை. ஆனால் இலையில் ஏத்தங்காய் உண்டு, இஞ்சி உண்டு, தேங்காய் உண்டு, நல்லமிளகு உண்டு. பரிமாறும்போது நாத்தனார் என்னைப் பார்ப்பார், நான் அவரைப் பார்ப்பேன்.

சென்னையிலும் மும்பையிலும் டெல்லியிலும் பெங்களூரிலும் இதைப் படிக்கப்போகிற சகோதரிகளிடம் ஒரே ஒரு விண்ணப்பம். குடமிளகாய்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. உங்கள் வீட்டில் அடுத்த பார்ட்டிக்கு என்னென்ன செய்வது என்று பட்டியல் போடுகிறபோது, முதலில் இரண்டு பேரை எழுதிக்கொள்ளுங்கள்: சமைக்கிறவர், வீட்டில் மூத்தவர். இந்த இரண்டு பேரும் மற்றவர்களோடு உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால் பட்டியலில் ஒரு பலகாரத்தையாவது மாற்றுங்கள்.

பின்னால் மேஜையில் இரண்டு தட்டு வைத்திருக்கிறேன். மிளகு கொஞ்சம் குறைத்துத்தான் போட்டிருக்கிறேன். வந்து எடுத்துக்கொள்ளுங்கள். மூத்தவர்கள் இருக்கிற இடத்துக்கு நானே கொண்டுவருகிறேன்.